பேனரில் மிச்சமிருந்த என் கை

விமானம் காணாமல் போனபோது ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காவிரியில் இன்னும் தண்ணீர் வரவில்லை. என் மகளுக்கு எட்டு மாதம். இந்த மூன்றும் எனக்குச் சேர்ந்துதான் ஞாபகத்தில் இருக்கின்றன.

என் கணவர் விமானப்படையில் இருந்தார். விமானம் ஓட்டுகிறவர் அல்ல, இயந்திரம் பழுதுபார்க்கிறவர். "பைலட்டா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இல்லை என்றதும் கேட்டவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். அந்த ஏமாற்றத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அவருக்குத் தீவில் வேலை. மகளுக்கு முடியிறக்க லீவில் வந்திருந்தார். திரும்பிப் போக வேண்டிய அன்று குழந்தைக்குக் காய்ச்சல். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்களேன்" என்றேன். யாரிடமோ பேசி அனுமதி வாங்கிக்கொண்டு இருந்தார். அதனால் ஏற வேண்டிய விமானம் போய்விட்டது, அடுத்ததில் இடம் கிடைத்தது. காய்ச்சல் மறுநாளே இறங்கிவிட்டது. பல் முளைக்கிற காய்ச்சல். நான் கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கியவள். இந்த ஒரு கழித்தலை மட்டும் எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரே விடைதான் வருகிறது.

அன்று காலையில் பேசினார். "இதோ ஏறப்போறேன். இறங்கிட்டுக் கூப்பிடறேன். பாப்பாவுக்குப் பல் வெளியில தெரியுதான்னு பாரு." பார்த்தேன். ஈறில் அரிசி முனை மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. அதைச் சொல்லத் திரும்பக் கூப்பிட்டபோது போன் அணைக்கப்பட்டிருந்தது. மத்தியானம் டிவியின் அடியில் எழுத்து ஓடியது. கடலுக்கு மேல் போய்க்கொண்டிருந்த ராணுவ விமானத்துடன் தொடர்பு அறுந்தது. அத்தை, அவருடைய அம்மா, வாசலில் வடாம் பிழிந்துகொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. அவர் உள்ளே வருவதற்குள் வேறு செய்தி வந்துவிடும் என்று நினைத்தேன். முழு வடாமையும் பிழிந்து முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டுதான் வந்தார். அப்போதும் அதே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஒரு அதிகாரி போனில் தமிழில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். என்ன உடை, கையில் என்ன கொண்டுபோனார் என்று கேட்டார். தேடுகிறவர்களுக்கு உதவும் என்றார். சொன்னேன். நீல பேக் ஒன்று. ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்று. மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் டப்பாவில் மணத்தக்காளி வத்தல், இன்னொன்றில் வடுமாங்காய். எண்ணெய் கசியக் கூடாது என்று மூடியைச் சணல் கயிறு போட்டு நானே இறுக்கிக் கட்டினேன்.

"சரிம்மா. பேக் ஒண்ணு."

"மஞ்சள் பையும் இருக்கு சார். டப்பா மிதக்கும். காத்து போகாம கட்டியிருக்கேன்."

"குறிச்சுக்கறோம்மா" என்றார். அவர் குறித்துக்கொள்ளவில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. குறித்திருக்கலாம். நான் பார்க்கவில்லையே. ஆனால் கடலில் ஏதோ மிதப்பதைக் கப்பல்காரர்கள் பார்த்ததாக டிவியில் சொன்ன ஒவ்வொரு முறையும், பின்னர் அது இல்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையும், அவர்களிடம் யாராவது மஞ்சள் பை என்று சொல்லியிருப்பார்களா என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

டிவியில் ஒருவர் குச்சியை வைத்துக் கடலின் ஆழத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். கோட் போட்டிருந்தார். அவர் பேச்சில் 'சுவாரஸ்யம்' என்ற வார்த்தை இரண்டு முறை வந்தது. அத்தை என்னைக் கேட்டார், "அவ்வளவு தண்ணியா இருக்கும் கடல்ல?" எங்கள் படித்துறையில் வண்டல் வெயிலில் வெடித்துக் கிடந்தது.

இனி நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

எங்கள் வீட்டுக்கு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், கோயில் நிலம் குத்தகையில் இருந்தது. மாமனார் காலத்தில் அவர் பெயரில் இருந்தது, அவருக்குப் பிறகு மூத்த மகன் என்று என் கணவர் பெயருக்கு மாறியது. உழுவது, நாற்று விடுவது, அறுப்பது எல்லாம் என் கொழுந்தனார்தான். மேலத்தெருக்காரர் ஒருவர் அந்த நிலத்தைத் தன் அப்பா உழுததாகச் சொல்லித் தாலுகா ஆபீஸில் வழக்குப் போட்டிருந்தார். உழுகிறவனுக்குத்தான் குத்தகை என்று சட்டம் இருக்கிறது, பேர் இருக்கிற ஆள் எங்கேயோ தீவில் இருக்கிறார் என்பது அவர் வாதம். நாட்டுக்காக வேலை பார்க்கிறவர் என்பது எங்கள் பதில். அந்தப் பதில் செல்லும் வரை வழக்கு அசையாமல் கிடந்தது. விமானம் காணாமல் போன அன்று மாலையே மேலத்தெருக்காரர் வக்கீலைப் பார்க்கப் போனதாகக் கொழுந்தனார் சொன்னார். நிஜமா என்று தெரியாது.

ஆக, எங்கள் வீட்டில் ஒரு விஷயம் முடிவாக வேண்டியிருந்தது. அவர் இருக்கிறாரா, இல்லையா. கடலில் கப்பல்களும் விமானங்களும் தேடிக்கொண்டிருந்த அதே நாட்களில் ஒரு கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்து அதை முடிவு செய்யப் பார்த்தோம். நான் முடியாது என்றேன். மற்ற இருவருக்கும் முடிய வேண்டியிருந்தது.

கொழுந்தனாருக்கு நிலம். "அண்ணன் இல்லைன்னு எழுதிக் குடுத்தாத்தான் அண்ணி என் பேருக்கு மாத்த முடியும். காணோம்னு எழுதினா ரெண்டுங்கெட்டானா நிக்கும். அவன் உள்ள பூந்துடுவான்."

"தேடிக்கிட்டு இருக்காங்க தம்பி."

"அவங்க தேடட்டும். நாத்தங்காலுக்கு யாரைக் கேட்டு நான் விதை விடுறது?"

அத்தைக்கு வேறு. அவருக்கு நிலம் ஒரு பொருட்டே இல்லை. உடம்பு கிடைக்காதவர்களுக்கு வைக்கோலில் உருவம் கட்டி எரித்துவிட்டுக் காரியம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். பதினாறு நாளுக்குள் செய்துவிட வேண்டும் என்றார். "தண்ணிக்குள்ள கெடக்கான், ஆனா தாகத்தோட கெடக்கான். எள்ளுந்தண்ணி எறைச்சாத்தான் அவனுக்குப் போய்ச் சேரும்." அழாமல் சொன்னார். அழுதிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

நான் சண்டைதான் போட்டேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பாட்டில் உப்பு அதிகம் என்றால் சரி என்பேன், குறைவு என்றாலும் சரி என்பேன். அந்தப் பத்து நாளில் வேறு ஒருத்தி என் தொண்டைக்குள் உட்கார்ந்து பேசினாள். பேசி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிப் போட்டு, இப்படிச் சொல்லியிருக்கலாமோ, அப்படிச் சொல்லியிருக்கலாமோ என்று நான்தான் முழித்துக் கிடந்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் கொல்லைப்பக்கம் போனேன். கிணற்று மேட்டில் வாழையிலைத் துண்டில் ஒரு உருண்டைச் சோறும், மேலே ஒரு கரண்டி வத்தக்குழம்பும் இருந்தன. அவருக்குப் பிடித்த குழம்பு. அத்தை தள்ளி நின்று காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு காக்கை வந்து முதல் வாய் கொத்தியது. நான் ஓடிப் போய் இலையைக் காலால் எத்தினேன். சோறு துணி துவைக்கிற கல் மேல் சிதறியது. காக்கை வேலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"சாப்பாட்டைக் கால்ல எத்திட்டியேம்மா" என்றார் அத்தை. அவ்வளவுதான் சொன்னார். குனிந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்க ஆரம்பித்தார். நான் உதவவில்லை. கோபம் சோற்றின் மேல் இல்லை, அத்தையின் மேல்கூட இல்லை. அந்தக் காக்கை வந்துவிட்டதே என்றுதான் இருந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

இதற்கு நடுவில் புகைப்படம் போனது. கொடுத்தது நான்தான். அதனால் இதில் வேறு யாரையும் முழுதாகக் குற்றம் சொல்ல முடியாது என்பது என் எரிச்சலை இன்னும் கூட்டுகிறது.

ஊரின் கட்சிக் கிளைச் செயலாளர் கொழுந்தனாரோடு வீட்டுக்கு வந்தார். மாவட்டத் தலைநகரில் மேலே உள்ளவர்களிடம் மனு கொடுக்கப் போவதாகவும், தேடலைத் தீவிரப்படுத்தச் சொல்லப் போவதாகவும் சொன்னார். "மனுவோட ஒரு போட்டோ வச்சாத்தான் தங்கச்சி எடுப்பா இருக்கும்." சீருடையில் என் கணவர் படம் எடுத்து அனுப்புவதில்லை, அது கூடாது என்பார். இருந்தவற்றில் முகம் தெளிவாகத் தெரிந்தது கல்யாண ஆல்பத்தில்தான். பட்டுச்சட்டையும் மாலையுமாக அவர் நிற்க, போட்டோக்காரர் சொன்னபடி நான் அவர் தோளில் கை வைத்திருப்பேன். கை நடுங்கியதால் அந்தப் படத்தை மூன்று முறை எடுத்தார்கள். ஆல்பத்திலிருந்து பிளேடால் மெதுவாகப் பிரித்து எடுத்துக் கொடுத்தேன். எதற்கும் நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தாருங்கள் என்றேன். "தங்கச்சிக்கு இல்லாததா?" என்றார்.

ஆடிப்பெருக்கு வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆற்றுக்குப் போய்ப் படைத்து, பழைய தாலிக்கயிற்றைக் கழற்றிவிட்டுப் புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். மூத்த சுமங்கலி ஒருவர் எல்லோருக்கும் கட்டிவிடுவார். எங்கள் தெருவுக்கு எதிர்வீட்டு அக்காதான் அது. நான் போவேனா மாட்டேனா என்று தெருவே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, ஆனால் காலையிலிருந்து மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு உறை மோர் கேட்டு வந்தார்கள்.

போக வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போகாவிட்டால் நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். போனால் திமிர் என்பார்கள். ஒருவேளை நிஜமாகவே அவர் இல்லையென்றால், இன்றைக்குக் கயிறு மாற்றுவது பாவமோ என்றும் நினைத்தேன். படித்தவள் இப்படியா யோசிப்பது என்றும் நினைத்தேன். கடைசியில் தலை குளித்து, காப்பரிசி கலந்து, மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, பூ எல்லாம் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அத்தை விதவை. இந்தப் படையலுக்கு அவர் வருவதில்லை. வாசல் வரை வந்து நின்றார்.

ஆற்றில் தண்ணீர் இல்லாததால் பஞ்சாயத்தில் போர்செட்டிலிருந்து குழாய் இழுத்து, படித்துறை மேல் ஓட்டைக் குழாய்களைக் கட்டித் தண்ணீர் தெளிக்க வைத்திருந்தார்கள். பெண்கள் வரிசையாகப் போய் அதன் அடியில் தலையை நனைத்துக்கொண்டு மணலில் இறங்கிப் படைத்தார்கள். ஏற்பாடு கட்சியினுடையது என்று தெரியட்டும் என்று பக்கத்திலேயே இரண்டு மூங்கில் நட்டு பேனர் கட்டியிருந்தார்கள். ஆனால் பேனரில் இருந்தது ஆடிப்பெருக்கு வாழ்த்து இல்லை.

மேலே மூன்று தலைவர்களின் முகங்கள். அவற்றின் கீழே, அவற்றில் பாதி அளவுக்கு, என் கணவர் முகம். கண்ணீர் அஞ்சலி. வீரவணக்கம். எங்கள் மண்ணின் மாவீரன். தோளுக்குக் கீழே அவருக்குக் காட்டுப்பச்சைச் சீருடை மாட்டிவிட்டிருந்தார்கள், நெஞ்சில் பதக்கங்கள், கையில் பெரிய துப்பாக்கி. அவர் கையில் ஸ்பேனரைத் தவிர எதையும் நான் கற்பனை செய்ததில்லை. யாருடைய உடம்பு அது என்று தெரியவில்லை. என்னைப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். ஆனால் அவர் தோளில் நான்கு விரல்கள் மிச்சமிருந்தன. மருதாணி வைத்த விரல்கள், ஒன்றில் மோதிரம். தோளில் தெரிந்த பட்டுச்சட்டைக்குப் பச்சை அடித்தவர் விரல்களைச் சுற்றிக் கவனமாக அடித்திருந்தார்.

குழந்தை அந்த முகத்தைப் பார்த்துக் கையை நீட்டி "ப்பா" என்றாள். அப்போது அவளுக்கு எதைப் பார்த்தாலும் ப்பாதான். நாயும் ப்பா, நிலாவும் ப்பா. அங்கிருந்த பெண்களுக்கு அது தெரியாது. இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் எதிர்வீட்டு அக்கா முன்னால் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் கயிற்றைத் தொடவில்லை.

"எப்படிம்மா கட்டுறது? அங்க படம் மாட்டியிருக்காங்களே."

"அந்தப் படத்துல தோள் மேல இருக்கிற கை யாருதுன்னு தெரியுதாக்கா?"

உற்றுப் பார்த்தார். "உன் கை மாதிரிதான் இருக்கு."

"அப்ப எனக்கும் சேர்த்துத்தான் அஞ்சலி வச்சிருக்காங்க. செத்தவளுக்குக் கயிறு கட்டுனா தப்பில்ல. கட்டுங்க."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரித்ததற்குப் பயந்து உடனே நிறுத்தினாள். அக்கா எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்குக் குறை சொன்னேன், சத்தமாகவே சொன்னேன்.

குழந்தையை ஒருத்தியிடம் கொடுத்தேன். தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவரிடம் அரிவாளைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிட்டார். மேலே எட்டவில்லை. கீழ்க்கயிறு இரண்டையும் முதலில் அறுத்தேன். பேனர் காற்றில் புடைத்து என் முகத்தில் அடித்தது. மூங்கிலைப் பிடித்து ஆட்டினேன். மணலில் சும்மா நட்டு வைத்த மூங்கில், சாய்ந்துவிட்டது.

கிளைச் செயலாளர் டீக்கடைப் பக்கமிருந்து வேகமாக வந்தார். பின்னால் கொழுந்தனார்.

"தங்கச்சி, என்ன இது? மரியாதை பண்ணித்தானே வச்சிருக்கோம்."

"மரியாதைன்னா அவர் என்ன வேலை பார்த்தாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே. இது யார் உடம்பு?"

"அது கம்ப்யூட்டர் பையன் ஏதோ..."

"மனுவுக்குன்னுதானே போட்டோ கேட்டீங்க. மனு குடுத்தீங்களா?"

அவர் கொழுந்தனாரைப் பார்த்தார். கொழுந்தனார் மணலைப் பார்த்தார். மனு எழுதப்படவே இல்லை. மாவீரன் குடும்பம் என்று ஊரெல்லாம் ஆகிவிட்டால் மேலத்தெருக்காரர் வழக்கு நடத்தக் கூசுவார் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அது கெட்ட எண்ணம் இல்லை. அண்ணனைக் கொன்றாவது நிலத்தைக் காப்பாற்றப் பார்த்தார் என்று நான் அப்போது சொன்னேன். பத்து ஊர்ப் பெண்கள் கேட்கச் சொன்னேன். கொழுந்தனார் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அவரும் என் கணவரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். நான் வந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

"நிலம் போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும் அண்ணி" என்று மட்டும் சொன்னார்.

"சொல்றேன்" என்றேன். என்ன பதில் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எப்படி மூன்றையும் தூக்கினேன் என்று தெரியவில்லை. அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். எனக்கு முன்னால் செய்தி வந்துவிட்டிருந்தது. தட்டில் கயிறு அப்படியே இருப்பதைப் பார்த்தார்.

"யாரும் கட்டலையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் கூடத்தில் பாய் விரித்தார். கிழக்குப் பார்த்து என்னை உட்கார வைத்தார். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். "என் கையால கட்டக் கூடாது. நீயே கட்டிக்க. முடிச்சு சரியா விழுந்திருக்கான்னு நான் பின்னாடி பாக்கறேன்."

கட்டினேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஈரக் கயிற்றில் முடிச்சுப் போடுவது எளிதல்ல. "இன்னும் ஒண்ணு" என்றார். "இறுக்கு. போதும். இன்னும் ஒண்ணு." மூன்று முடிச்சு முடிந்ததும் ஒரு முறை எண்ணிப் பார்த்தார். பிறகு குழந்தையை என்னிடம் கொடுத்தார்.

"நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ள போ. நான் கொல்லைக்குப் போவணும்."

அவர் அடுக்களைக்குள் போய் இலை நறுக்குகிற சத்தம் கேட்டது. புரிந்தது. எழுந்து போய் மறுபடியும் எத்தியிருக்கலாம், கால் துறுதுறுத்தது. நான் குழந்தையோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அத்தை காக்கையைக் கூப்பிடுவது கேட்டது. குழந்தையின் ஈறைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பல்லும் வெளியே வந்திருந்தது.

வைக்கோல் உருவம் கட்டவில்லை. அதை அத்தை அப்புறம் பேசவே இல்லை. சில மாதங்களில் தேடலை நிறுத்திவிட்டதாகக் கடிதம் வந்தது, இறந்ததாகக் கருதப்படுகிறது என்று. கருதுகிறவர் யார் என்று அதில் இல்லை. மஞ்சள் பையைப் பற்றியும் ஒன்றும் இல்லை. அந்தக் கடிதம் தாலுகா ஆபீஸுக்குப் போதாதாம், உள்ளூர் இறப்புச் சான்றிதழ் வேண்டுமாம், உடம்பு இல்லாததால் அதற்கு ஏழு வருடம் ஆக வேண்டுமாம், மனைவி கையெழுத்துப் போட வேண்டுமாம். வழக்கு இன்னும் நடக்கிறது. கொழுந்தனார்தான் உழுகிறார். என்னோடு பேசுகிறார், தேவைக்குப் பேசுகிறார். பேனர் அறுவடையின்போது நெல்லை மூடப் பயன்படுகிறது. முகம் அடிப்பக்கம் இருக்கும்படி விரிப்பது அத்தையின் வேலை.

வருகிற ஆடியோடு ஏழு வருடம். படிவத்தை வாங்கி வைத்திருக்கிறேன். எல்லாக் கட்டங்களையும் என் கையால் நிரப்பிவிட்டேன், இறந்த தேதி என்ற கட்டத்தைத் தவிர. விமானம் போன தேதியைப் போடுங்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். அந்தத் தேதியில் அவர் என்னோடு பேசினார். குழந்தையின் பல்லைப் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டுச் சொல்வதற்காக நான் கூப்பிட்டேன். அந்தக் கட்டத்தில் அந்தத் தேதியை என்னால் எழுத முடியாது என்று சொன்னதற்கு, "படிச்சவங்களே இப்படிச் சொன்னா எப்படிம்மா" என்றார் அங்கிருந்தவர்.

கொழுந்தனார் தினமும் படிவத்தைப் பற்றிக் கேட்காமல் அதைப் பார்த்துவிட்டுப் போகிறார். அது கூடத்து அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிறது. பதினெட்டாம் பெருக்கன்று நான் கூடத்தில் உட்கார்ந்து கயிறு மாற்றுகிறேன், அத்தை பின்னால் நின்று முடிச்சை எண்ணுகிறார். பிறகு அவர் கொல்லைக்குப் போகிறார், நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். போன வருடம் மகள் என்னோடு உள்ளே வரவில்லை. பாட்டியோடு இலையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் கூப்பிடவில்லை.